பாக்கெட் மேடமும் பக்கம் மாறிய பட்டனும்

சைதாப்பேட்டையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கிற இடத்தில், ஒற்றை மிஷினோடு ஆரம்பித்தவன் நான். அஞ்சாம் கிளாஸுக்கு மேல் எந்தப் பள்ளிக்கூடமும் என் முகத்தைப் பார்த்ததில்லை. இன்றைக்கு தி.நகரில் ரெண்டு மாடிக் கடை, முப்பது மிஷின், ஓடுகிற பஸ்ஸிலிருந்தே படிக்கிற சைஸில் போர்டு. எல்லாம் சட்டை தைத்துக் கட்டியது. இந்தப் பட்டியலில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: காலேஜில் பாடம் எடுத்திருக்கிறேன். நான் உள்ளே நுழைந்தால் டிகிரி படிக்கிற பெண்கள் எழுந்து நின்று “குட் மார்னிங் மாஸ்டர்” சொல்வார்கள்.

இவ்வளவையும் சாதித்த நான் ஒருத்தரைப் பார்த்துத்தான் அசந்து போனேன். பாக்கெட் மேடம் மாதிரி ஒரு பிறவி சாந்தோம் கடற்கரையிலிருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டு வரை வீடு வீடாகத் தேடினாலும் கிடைக்காது. எந்தச் சபையிலும் வந்து சொல்வேன்.

அவருக்கு வேறு பேர் உண்டு. அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டால் காலேஜ் வாட்ச்மேனே, அப்படி இங்கே யாரும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார். மயிலாப்பூர்க்காரர். பெண்கள் கல்லூரியில் ஆடைத் துறைப் பேராசிரியர். துணி வெட்டித் தைப்பது ஒரு பாடம். உடுத்துகிற துணி ஊரைப் பார்த்து என்ன பேசுகிறது என்பது இன்னொரு பாடம். ரெண்டையும் அவரே எடுத்தார். ரெண்டிலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து நிற்பார்: பெண்கள் துணியில் ஏன் பாக்கெட் இல்லை?

முதல் தடவை அவரைப் பார்த்தபோது என் கடை வாசலில் தொங்கிய சுடிதாருக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். கல்லாவில் இருந்த என் மருமகன் யாரோ திருட வந்திருக்கிறார்கள் என்று எழுந்தே விட்டான்.

“பாய், இதுல பாக்கெட் எங்கே?”

லேடீஸ் யாரும் கேட்பதில்லை மேடம் என்றேன்.

“நீங்க அவாளைக் கேட்டேளா?”

நாற்பது வருஷத் தொழிலில் என்னை யாரும் கேட்காத கேள்வி அது. அதோடு விட்டாரா? ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மத்தியானம் வரை உள்ளே வந்த ஒவ்வொரு பெண்ணையும் நிறுத்தி, பாக்கெட் வேண்டுமா என்று விசாரித்தார். ஒருத்தி விடாமல் வேண்டும் என்றார்கள். லெஹங்காவுக்கு அளவு கொடுக்க வந்த கல்யாணப் பெண் தனக்கு ரெண்டு கேட்டாள். கூட வந்த மாமியார் கையிலிருந்த சுருக்குப்பையைப் பார்த்துவிட்டு, என் பாவாடையிலும் ஒண்ணு வெச்சுக் குடுங்க பாய் என்றார். அன்றைக்கு நான் தைத்த பாக்கெட்தான் இன்றைக்குப் பாண்டி பஜார் முழுக்கத் தொங்குகிறது. மற்ற கடைக்காரர்கள் மறுப்பார்கள். மறுக்கட்டும்.

மேடம் போடுகிற குர்தாவில் பதினோரு பாக்கெட். நான் தைத்தது, எனக்குத் தெரியும். அளவெடுக்கிற இஞ்ச் டேப்பு, கோடு போடுகிற சாக்பீஸ், கத்தரி, தையல் பிரிக்கிற ஊசி, வேகவைத்த வேர்க்கடலை எல்லாம் அதிலிருந்து வரும். ஒரு தடவை வாழை இலையில் சுற்றிய சூடான வடை வந்தது. சட்னி தனிப் பாக்கெட்டில் இருந்தது. ஒருநாள் பிரின்சிபால் நடத்திய மீட்டிங்கில் மேடத்தின் செல்போன் அடித்திருக்கிறது. எந்தப் பாக்கெட் என்று அவருக்கே தெரியவில்லை. ஒவ்வொன்றாக மேஜை மேல் கொட்டி, ஒன்பதாவதில் கண்டுபிடித்தாராம். அதுவரை பிரின்சிபால் பொறுமையாக வேர்க்கடலை சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம்.

வகுப்பு அதைவிடக் கூத்து. தையல் சொல்லிக்கொடுக்க வாரம் ஒருநாள் என்னையும் அங்கே வரவழைத்திருந்தார், அதனால் கண்ணால் பார்த்தேன். வருஷத்தில் ஒருநாள் எல்லாப் பெண்களின் கைப்பையையும் பிடுங்கி பீரோவில் பூட்டிவிடுவார். சாயங்காலம் வரை உடம்பில் இருக்கிற துணி எதைத் தாங்குமோ அதை மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம். ஒருத்தி சாவிக்கொத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு நடப்பாள். ஒருத்தி டிபன் பாக்ஸைத் தாடைக்கடியில் இடுக்கிக்கொண்டே பரீட்சை எழுதுவாள். அந்த ஒருநாள் போதும். மறுநாள் வந்து பாக்கெட் தைக்கக் கற்றுக்கொடுங்கள் மாஸ்டர் என்று என்னைச் சுற்றி நிற்பார்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு ஒருநாள் பிரேக் விழுந்தது. இப்போது எல்லாம் கம்ப்யூட்டரிலேயே வரைகிறார்கள், தையல் மிஷின் ரூம் எதற்கு என்று நிர்வாகம் கேட்டது. கடைசி வருஷப் பெண்கள் நடத்தும் ஷோவைப் பார்க்க மூன்று பேர் கமிட்டி வரும். அவர்களுக்குத் திருப்தி என்றால் ரூம் இருக்கும், இல்லையென்றால் மிஷின்களைத் தூக்கிவிடுவார்கள். மேடத்துக்கு அந்த ரூம்தான் உயிர். இதைச் சொன்ன அன்றைக்கு அவர் பதினோரு பாக்கெட்டில் ஒன்றிலும் கை விடவில்லை.

பெண்கள் யோசித்து யோசித்து, சாந்தோம் கரையில் மீன் விற்கிற பெண்களுக்காக எட்டுப் பாக்கெட் வைத்த ஏப்ரன் தைத்தார்கள். கத்திக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, செல்லுக்கு ஒன்று. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஷோவுக்கு நாலு நாள் முன்னால், குடைக்கடியில் மீன் விற்கிற லூர்து அக்காவிடம் போட்டுப் பார்க்கக் கொடுத்தோம். அந்த அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இத்தினி பை எதுக்கும்மா? வஞ்சரத்துக்கு ஒண்ணு, சங்கராவுக்கு ஒண்ணா?”

சொல்லிவிட்டு ஏப்ரனைக் குடைக்கம்பியில் மாட்டிவிட்டார். அவர் புடவைக்கு மேலே கட்டம் போட்ட ஆம்பளைச் சட்டை ஒன்றைப் போட்டிருந்தார். இது எதற்கு என்று மேடம் கேட்டார்.

“எங்கூட்டுக்காரரு சட்டைம்மா. வெயிலு படல, செதிலு ஒட்டல, எவனும் ஒரு மாரியா பாக்கல, பாக்கெட்டும் கீது. இன்னா ஒண்ணு, குனிஞ்சா செல்லு மீன் கூடையில வுழுந்துடுது. உங்க பொண்ணுங்க தெச்சதுல இன்னா கீது? கலரு கீது.”

பெண்களுக்கு முகம் விழுந்துவிட்டது. மேடமோ மணலில் சப்பணம் போட்டு உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நான் இருபது வருஷமா கிளாஸ்ல சொல்லிண்டிருக்கறதை இவா ஒரு மூச்சுல சொல்லிட்டா பாய் என்றார். ஏப்ரனைத் தூக்கிப் போடு, புடவைக்கு மேலே போடுகிற சட்டையைப் பெண்ணுக்கென்றே வெட்டு என்று அங்கேயே முடிவாயிற்று. இடுப்பில் கொசுவத்துக்கு இடம், தோள் இறங்காமல் இருக்க ஒரு மடிப்பு, குனிந்தாலும் எதுவும் விழாத மூடி வைத்த பாக்கெட் கீழே பக்கவாட்டில். நாலே நாள். எட்டுச் சட்டை. போட்டுக்கொண்டு மேடையில் நிற்க லூர்து அக்காவே வருவதாக ஒப்புக்கொண்டார். வெட்டினது யார் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

ஷோ அன்று காலையில் கவிதா என்கிற மாணவி ஒரு சட்டையை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். போட்டவள் அப்படியே நின்றாள்.

“மாஸ்டர், பட்டன் எந்தப் பக்கம் வெச்சிருக்கீங்க?”

விஷயம் இதுதான். ஆம்பளைச் சட்டைக்குப் பட்டன் வலது பக்கம், அது நுழைகிற காஜா இடது பக்கம். லேடீஸ் சட்டைக்கு அப்படியே தலைகீழ். மூன்று நாள் முன்னால் சேர்ந்த பையனுக்கும் இது தெரியும். ஆனால் நாற்பது வருஷம் சட்டை வெட்டின கை என்னைக் கேட்காமலே எட்டையும் ஆம்பளைப் பக்கம் போட்டு முடித்திருந்தது. தையலைப் பிரிக்கலாம், காஜாவைப் பிரிக்க முடியாது. ஓட்டை போட்டது போட்டதுதான். பெண்களுக்கு மார்க் போகும், மேடத்துக்கு ரூம் போகும், எனக்கு மானம் போகும்.

மேடம் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ரெண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு ஜன்னலுக்குப் போய் வாசலை எட்டிப் பார்த்தார். அப்புறம், லூர்தம்மா வந்தாச்சான்னு பாருங்கோ என்று மட்டும் சொன்னார்.

கமிட்டியில் ஏற்றுமதி கம்பெனி நடத்துகிற ஒரு அம்மா இருந்தார். பட்டனைப் பார்த்த மாத்திரத்தில் பேனாவைத் திறந்துவிட்டார். லேடீஸ் சட்டைக்கு ஆம்பளைப் பக்கம் பட்டன் வைப்பதுதான் இங்கே சொல்லிக்கொடுக்கிற பாடமா என்று கேட்டார். நான் திரைக்குப் பின்னால் ஒளிய இடம் பார்த்துக்கொண்டிருந்தேன். போட்டுக்கறவாளையே கேளுங்கோ என்றார் மேடம்.

மேடையில் சட்டையை மாட்டிக்கொண்டு நின்ற லூர்து அக்கா, இடது கையால் கூடையை இடுப்பில் அணைத்தார். வலது கை மட்டும் மேலிருந்து கீழே இறங்கியது. குனிந்து பார்க்கவே இல்லை. கமிட்டி அம்மாவின் கண்ணையே பார்த்துக்கொண்டு அஞ்சு பட்டனையும் போட்டு முடித்தார்.

“முப்பது வருசமா எங்கூட்டுக்காரரு சட்டையில பழகுன கைம்மா. பக்கத்த மாத்தி வெச்சீங்கன்னா, நான் பட்டன தேடிக்கினு இருப்பேன், மீனு வாங்க வந்தவ போய்க்கினே இருப்பா.”

அந்த அம்மா பேனாவை மூடினார். அவரே மேடைக்கு ஏறி வந்து, பாக்கெட்டுக்குள் கையை விட்டு ஆழம் பார்த்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மிஷின் ரூம் தப்பியது. கம்ப்யூட்டர்கள் வேறு ரூமுக்குப் போயின.

சந்தோஷத்தில் அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. பிறகு காலேஜ் அச்சடித்த அறிக்கையைக் கவிதா படித்துக் காட்டினாள்: ‘மீனவப் பெண்களின் கைப்பழக்கத்தை மாணவிகள் களத்தில் ஆராய்ந்து, பட்டனை ஆண்கள் பக்கம் அமைத்தனர்.’ ஆராய்ச்சியாம். உடனே மேடத்துக்குப் போன் போட்டேன். அது ஆராய்ச்சி இல்லை மேடம், நான் பண்ணின தப்பு என்றேன்.

“தப்புன்னு எழுதினா குழந்தைகளுக்கு மார்க் போயிடும் பாய். அவா பாஸ் ஆகட்டும், உங்க பேரை நானே எழுதறேன்.”

எல்லாரும் பாஸாகி வேலைக்கும் போய்விட்டார்கள். மேடம் ரிட்டயர் ஆகிப் பாலவாக்கத்தில் இருக்கிறார். அந்த அறிக்கை மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. ஆகவே காலேஜ்காரர்களுக்கு இந்தப் பத்திரிகை மூலமாகச் சொல்கிறேன்: அந்தத் தப்பு என்னுடையது, எட்டுச் சட்டையிலும் நான் ஒருத்தனே பண்ணினது, அதை என் பேரிலேயே போட வேண்டும். பெரிய எழுத்து வேண்டாம். மேடம் பேருக்குக் கீழே, ஒரு பட்டன் இடம் விட்டுப் போட்டால் போதும்.