கெங்கம்மாள் இன்னும் மின்னவில்லை

விழுப்புரம் ஆஸ்பத்திரி வராந்தா,
புதன்கிழமை மத்தியானம்.

திண்டிவனத்தில் சகல சௌகரியத்தோடும் வாழ்ந்துவரும், என் மனைவியின் ஒரே தம்பியாகிய உயர்திரு சக்கரபாணி அவர்களுக்கு, காணை பச்சைமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தங்கள் நலத்தை விசாரிக்கத் தேவையில்லை. விடிந்ததிலிருந்து வாட்ஸ்அப்பாக அனுப்பித் தள்ளுகிறீர்கள். அதனால்தான் தங்களை பிளாக் செய்துவிட்டு, இதை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

தங்கள் அக்கா கெங்கம்மாளின் மார்பிலுள்ள புற்றுநோய்க் கட்டியை நாளைக்கு எடுக்கிறார்கள். அதற்கு முன்னால் ஓர் ஊசி போடுவார்களாம். அந்த மருந்து கேன்சர் இருக்கும் இடமாகப் பார்த்து ஒட்டிக்கொள்ளும், தனி கேமராவில் பார்த்தால் அந்த இடம் மட்டும் ஒளிரும், மிச்சம் மீதி இல்லாமல் எடுத்துவிடலாம், நல்ல சதையில் கைவைக்க வேண்டாம் என்று டாக்டர் ஜெசிந்தா பொறுமையாக விளக்கினார். அதைத் தங்களிடம் சொன்னது என் புத்திகெட்ட வேலை. "அக்கா உடம்பு இருட்டுல ரேடியம் மாதிரி எரியப்போவுது" என்று சொந்தபந்தம் முழுக்கப் பரப்பிவிட்டீர்கள்.

இன்றைக்கு உம் பொண்டாட்டி கவிதா தலைமையில் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். கையில் சாத்துக்குடி, ஹார்லிக்ஸ். எப்படி இருக்கே என்று ஒருத்தர் கேட்கவில்லை. ஜன்னலைச் சாத்தி, லைட்டை அணைத்து, கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டார்கள். "அதோ, பச்சையா தெரியுது பாரு!" என்று கவிதா கத்தினாள். அது பக்கத்துக் கட்டில் மெஷினோட லைட்டு. ஊசியே இன்னும் போடலைடா மடையா! கரண்ட் போச்சுன்னு பக்கத்துக் கட்டில்காரம்மா கூச்சல் போட, நர்ஸ் ஓடிவந்து எல்லாரையும் வெளியே தள்ள, உன் அக்கா அழுதுகினு உக்காந்துட்டா. "நான் என்ன திருவிழா சீரியல் லைட்டா? ஆபரேஷனே வேணாம், ஊட்டுக்குப் போறேன்"ன்றா. முகையூர் வைத்தியர் எண்ணெயைப் பூசுனா கரைஞ்சிடும்னு நீ சொன்னதைக் கேட்டுத்தான் நெல்லிக்காய் அளவு இருந்தது எலுமிச்சம்பழம் ஆச்சு. இப்போ அந்த ஊசி வெளிச்சம் உடம்புக்கு ஆகாதுன்னு வாட்ஸ்அப்புல எனக்கே பாடம் எடுக்கிறே. இனிமே ஆஸ்பத்திரிப் பக்கம் உன் தலை தெரியக்கூடாது, வராதே.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உனக்குக் கிடையாது.

இப்படிக்கு,
கொதிப்புடன்,
கா. பச்சைமுத்து

பின்குறிப்பு: இதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். "தம்பி வந்து பக்கத்துல நிக்கட்டும், ஊசி போட்டுக்குறேன்"ன்றா. ஆகவே மேலே வராதே என்று எழுதியதை வா என்று படித்துக்கொள். ஜல்தி கிளம்பு. அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. எனக்குத்தான் பயமா இருக்கு மச்சான், துணைக்கு ஆள் வேணும்.