இரண்டு வால்வும் ஒரு காலிங்பெல்லும்

"மறுபடியும் பெல் அடிச்சிடுச்சு!" சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு டீச்சரின் குரல் வந்தது. "ஓடிப்போய்க் கதவைத் திறந்தா ஆளே இல்ல! டாக்டர், உங்க ரேடியோவை நிறுத்துறீங்களா இல்லையா?"

பல் டாக்டர் மைக்கை மேஜைமேல் வைத்தார். "நிறுத்திட்டேன், டீச்சர்!"

நிறுத்தியதும் பெல்லும் நின்றுவிட்டது. கோளாறு தன் ரேடியோவில்தான் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது.

காலையிலிருந்து மதியம்வரை கிளினிக்கில் அவர் பேச்சைக் கேட்பவர்கள் வாயைப் பிளந்தபடி படுத்திருப்பார்கள். ஒருவராலும் பதில் சொல்ல முடியாது. அந்தக் குறை தீரத்தான் அவர் ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கினார். பதினோரு வருடமாகப் பிற்பகலெல்லாம் கடல் கடந்த நண்பர்களோடு அரட்டை. தூரம் கூடினால் குரலும் கூட வேண்டும் என்பது அவர் கொள்கை. போன மாதம், பழைய ரேடியோவில் இருப்பது போன்ற இரண்டு பெரிய கண்ணாடி வால்வுகளை வைத்து, அலையின் சக்தியைப் பெருக்கும் ஓர் ஆம்ப்ளிஃபையரைத் தானே கட்டி முடித்தார். இன்னும் தொலைவிலிருந்து ஆட்கள் பதில் சொன்னார்கள். குரலும் அதற்கேற்ப ஏறியது. அன்றைக்குப் பிடித்தது சனி. அவர் மைக்கை எடுத்தால் போதும், டீச்சர் வீட்டு வயரில்லாத காலிங்பெல் அடிக்கத் தொடங்கிவிடும்.

இன்று ஐந்து மணிக்குக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் நேரில் வருகிறார். அவர் காதில் பெல் விழுந்தால், மொட்டை மாடியிலிருக்கும் ஆன்டெனாக் கம்பம் நாளைக்கே இறங்கிவிடும். கம்பம் போனால் நண்பர்களும் போச்சு.

"அப்படி என்னதான் கோளாறு அதுல?" என்றாள் மனைவி.

"வால்வு தானாவே அதிருது. வெளிய போற சக்தியில கொஞ்சம் உள்ள திரும்பி வருது. வந்தது மறுபடி பெருகுது. யாரும் கேக்காத அலையையெல்லாம் அதுவே கிளப்பிவிடுது."

"உங்க அக்கா மாதிரின்னு சொல்லுங்க. நாம ஒண்ணு சொன்னா, அதையே பத்தாக்கி நமக்கே திருப்பி விடுவாங்க."

டாக்டர் ஆம்ப்ளிஃபையரைத் திறந்து, பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டுச் சந்து பொந்தெல்லாம் பார்த்தார். ஒவ்வொரு வால்வின் தலையிலும், ரெசிஸ்டர்மேல் கம்பி சுற்றிய சின்னச் சுருள் ஒன்றைப் பற்றவைத்தார். வேண்டாத அதிர்வை அது அங்கேயே விழுங்கிவிட வேண்டும்.

"ஹலோ! டெஸ்ட்! டெஸ்ட்!"

டிங் டாங்.

"டாக்டர்!" என்றது சுவர்.

"மெதுவாப் பேசிப் பாருங்களேன்," என்றாள் மனைவி.

"மெதுவாப் பேசினா வால்வு சும்மா கிடக்கும். உரக்கப் பேசினாத்தான் அது முழுப் பலத்தோட வேலை செய்யும். குறையும் அப்பதான் தெரியும்."

அடுத்து, உள்ளே வரும் பக்கத்துக்கும் வெளியே போகும் பக்கத்துக்கும் நடுவே தகரத் தடுப்பு வைக்க முடிவு செய்தார். வீட்டில் தகரம் இல்லை. சமையலறையில் பெரிய அலுமினியத் தட்டு இருந்தது. மனைவி குளித்துவிட்டு வருவதற்குள் அது இரண்டு துண்டாகிவிட்டது.

"ஹலோ! ஹலோ! டெஸ்ட்!"

டிங் டாங். டிங் டாங்.

"முன்ன ஒரு தடவைதான் அடிச்சுது, இப்ப ரெண்டு தடவை அடிக்குது! நல்லா ரிப்பேர் பண்றீங்க!" என்றாள் டீச்சர்.

"என் தட்டு எங்க?" என்றாள் மனைவி.

மணி நாலேமுக்கால். எர்த் சரியில்லை என்று டாக்டர் தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, தடித்த செம்புப் பட்டையால் ஆம்ப்ளிஃபையரைத் தண்ணீர்க் குழாயோடு பிணைத்தார். இந்த முறை அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"ஹலோ! டெஸ்ட்! டெஸ்ட்! டெஸ்ட்!"

"அய்யோ! குழாயைத் தொட்டா ஷாக் அடிக்குது!" சமையலறையில் மனைவி கையிலிருந்த பாத்திரம் விழுந்தது. பக்கத்து வீட்டில் பெல் மூச்சு விடாமல் அடித்தது. அந்த நேரம் பார்த்துச் செயலாளர், டீச்சரோடு உள்ளே நுழைந்தார்.

"என் காதாலயே கேட்டுட்டேன், டாக்டர்," என்றார் செயலாளர். "இனி நான் என்ன சொல்றது?"

"ஒரு நிமிஷம், சார்!" டாக்டர் பிளக்கைப் பிடுங்கினார். கைக்குட்டையைச் சுற்றி, சூடு ஆறாத வால்வுகள் இரண்டையும் கழற்றி மேஜைமேல் வைத்தார். பதினோரு வருட நட்பு எல்லாம் அந்த மேஜைமேல் கிடந்தது போலிருந்தது. தாங்க முடியாமல், "போச்சு! எல்லாம் போச்சு!" என்று வீடே அதிர அலறினார்.

டிங் டாங்.

சமையலறையிலிருந்து ஓடிவந்த மனைவியோடு சேர்த்து நான்கு பேரும் வால்வுகளைப் பார்த்தார்கள்.

"கரண்ட் இல்ல, வால்வும் இல்ல. அப்பறம் எப்படி?" என்றார் செயலாளர்.

டாக்டருக்குத் தன் மேல் வராத சந்தேகம், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கப்பாசிட்டர்மேல் வந்தது. "மிச்சம் மீதி சார்ஜ் உள்ள தங்கியிருக்கும், சார். இவ்வளவு முத்திப்போன கேஸை நான் பார்த்ததே இல்ல. கம்பத்தை எடுத்துடுங்க. என் கைவேலை அவ்வளவுதான்." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. டீச்சருக்கே பாவமாகப் போய்விட்டது.

அப்போது வாசலில் ஓர் ஆள் தென்பட்டார். கலைந்த தலை, திருப்பிப் போட்ட பனியன், சிவந்த கண். டீச்சரின் கணவர்தான். ஆஸ்பத்திரியில் இராத்திரி ஷிப்ட் நர்ஸ். பகலெல்லாம் தூங்குவதால் அவரை அந்தக் கட்டடத்தில் யாரும் கண்டதில்லை.

"கம்பம் அது பாட்டுக்கு இருக்கட்டும், சார், அந்த மைக்கை மட்டும் வாங்கிட்டுப் போயிடுங்க," என்றார் அவர் கொட்டாவியோடு. "மெதுவாப் பேசச் சொல்லிட்டு வாடின்னா இவ போக மாட்டேங்கறா, பெல் அடிச்சாத்தான் சண்டைக்குப் போறா, அதான் தலையணைக்கு அடியில அந்தப் பெல்லோட இன்னொரு பட்டனை வச்சுக்கிட்டு, டாக்டர் கத்தறப்பல்லாம் அழுத்தி அழுத்தி எனக்குக் கட்டைவிரலே வீங்கிப்போச்சு!"