ஆறாவது இடம்

தாப்பா ஊரைத் தாண்டியதும் லாரி மூன்றாவது தடவையாக நின்றது. பெட்ரோல் கிடைக்காத காலம்; மரக்கரிப் புகையில் ஓடும் லாரி. சின்ன மேடு வந்தாலும் அதற்கு மூச்சு வாங்கும்.

"எல்லாரும் எறங்கித் தள்ளுங்க!" என்று டிரைவர் கத்தினான்.

மாயாண்டி இறங்கினான். நாய் இறங்கவில்லை. சாக்குகளின்மேல் காலை நீட்டிக்கொண்டு, தள்ளுகிறவர்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

"அதையும் எறக்கி விடுய்யா, பாரம் கொறையும் லா!"

"வேணாண்ணே. அதுக்குக் காலு சுளுக்குனா எனக்குக் கழுத்தே போயிரும்."

உண்மைதான். சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் துரை, ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் சிங்கப்பூருக்கு ஓடினார். அப்போது அவர் விட்டுப்போன நாய் அது. பங்களாவைப் பிடித்துக்கொண்ட ஜப்பான் அதிகாரிக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. தினம் ஒரு பங்கு அரிசி அதற்கென்றே கொடுத்தான். தோட்டத்தில் மற்ற எல்லாருக்கும் மரவள்ளிக்கிழங்குதான். நாயோ கிழங்கையும் மறுக்காமல் தின்றது. அதனால் நாயைப் பார்த்துக்கொள்ளும் மாயாண்டியின் மூன்று பிள்ளைகளும் ஒன்றரை வருஷமாக அரிசிக் கஞ்சி குடித்தார்கள். இது மாயாண்டிக்கும் அவன் பெண்டாட்டி ராக்காயிக்கும் நாய்க்கும் மட்டுமே தெரியும்.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, ஈப்போவில் அதிகாரிகளின் நாய்களுக்குக் கண்காட்சி. அதிகாரி ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பினான். கடைசி இடம் வந்தால் நாயைச் சுட்டுவிடுவான். மாயாண்டி சயாமுக்குப் போய் ரயில் பாதை போட வேண்டும். அப்படிப் போன மைத்துனனிடமிருந்து நாலு மாதமாகத் தகவல் இல்லை.

ஈப்போவில் தங்குவதற்கு வெள்ளைக்காரன் காலத்துப் பழைய ரெஸ்ட் ஹவுஸ். பெரிய பெரிய தூண்கள். ராஜா படத்தைக் கழற்றிய இடத்தில் சுவர் சதுரமாக வெளுத்திருந்தது. வாசலில் கணக்கெழுதும் கிராணி ஒருவன் புத்தகத்தைத் திறந்தான்.

"பேரு?"

"மாயாண்டிங்க."

"ஒம் பேரை யாருய்யா கேட்டா? நாய் பேரு!"

"கிக்கு."

ஏழாம் நம்பர் அறை கிக்குவின் பெயரில் எழுதப்பட்டது. அதற்குக் கீழே, பொடி எழுத்தில், 'கூட ஆள் ஒன்று'.

அறையில் கொசுவலை கட்டிய கட்டில். நாய் சொந்த வீட்டுக்கு வந்ததுபோல ஏறிப் படுத்தது. லாரி தள்ளிய முதுகைத் தரையில் சாய்த்தான் மாயாண்டி.

பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். பெயர் அர்ச்சுனன், தைப்பிங்கிலிருந்து ஒரு மெலிந்த சாம்பல் நாயோடு வந்திருந்தார். ஒரு பீடியை நீட்டினார்.

"மொதப் பரிசு வாங்கற ஆசையா, தம்பி?"

"கடைசியா வந்தா சயாம்ணே. பின்னே என்ன செய்ய?"

"மொதல்ல வந்தா மட்டும் விட்டுருவானா? அந்த நாயை அங்கேயே பட்டாளத்துக்குப் புடிச்சுக்குவான் லா. புள்ளகுட்டிக்காரன் மாதிரி தெரியுற, சொல்லாம இருக்க மனசு வரல."

மாயாண்டி விரலை மடக்கிக் கணக்குப் போட்டான். நாய் போனால் கஞ்சி போச்சு. முதலும் கூடாது, கடைசியும் கூடாது. மொத்தம் பதினோரு நாய். ஒரு நாயை ஜெயிக்க வைக்கலாம், தோற்க வைக்கலாம். அளவாகத் தோற்க வைப்பது எப்படி?

விடிந்தும் விடியாத நேரம். ஜப்பான்காரன் கொண்டுவந்த டோக்கியோ மணிப்படி எட்டாகிவிட்டது. ஈப்போ சூரியனுக்குத்தான் அது தெரியவில்லை. சமையல்கட்டில் சமையல்காரி நவமணியிடம் அடுப்புக்கரி கேட்டான். அவள் எதற்கு என்றுகூடக் கேட்காமல் ஒரு சட்டி நிறைய அள்ளிக் கொடுத்தாள். அதை நாயின்மேல் அப்பினான். பழுப்பு நாய் கன்னங்கரேல் என்று மின்னியது. வழியில் போன ஜப்பான் சிப்பாய் ஒருவன் நின்று கைதட்டினான்.

பதறிப்போய் நாயைத் துரைமார் குளித்த தொட்டியில் போட்டுத் தேய்த்தான். கரியோடு ஆறு மாத அழுக்கும் போய், நாய் தங்கம்போலப் பளபளத்தது.

"ஒன்னக் கும்பிடறேன், கொஞ்சம் அசிங்கமா இரேன்!"

தனக்கு வைத்திருந்த கிழங்கு முழுவதையும் அதற்கு ஊட்டினான். வயிறு முட்டினால் மந்தமாக நிற்குமல்லவா?

திடலில் பத்து நாய்கள் குரைத்து, கடித்து, கயிற்றை இழுத்தன. கிக்கு மட்டும் அசைய முடியாமல் சிலைபோல உட்கார்ந்திருந்தது. நடுவர் அதை இரண்டு தடவை சுற்றி வந்தார்.

"பட்டாள நாய்னா இப்படி இருக்கணுமாம்," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

மாயாண்டி முதுகுக்குப் பின்னால் கையை விட்டு நாயின் வாலைக் கிள்ளினான். நாய் ஒரு துள்ளு துள்ளி, தின்ற கிழங்கை எல்லாம் நடுவரின் பூட்ஸ்மேல் கக்கியது.

நடுவர் பிரம்பை ஓங்கினார். கடைசி இடம்! சயாம்! மாயாண்டி தலை தரையில் படக் குனிந்தான். வயிறு லேசான சுகத்தில் நாயும் முன்னங்காலை நீட்டிச் சோம்பல் முறித்தது. அவனுக்குப் பக்கத்தில் அதுவும் குனிந்து மன்னிப்புக் கேட்பதுபோல இருந்தது. சுற்றி நின்ற அதிகாரிகள் சிரித்துவிட்டார்கள். ஓங்கிய பிரம்பு அடிக்காமல் தாழ்ந்தது.

ஆறாவது இடம்.

மாயாண்டிக்கு வாழ்க்கையில் எதுவும் இவ்வளவு கச்சிதமாக அமைந்ததில்லை. முதல் இடம் அர்ச்சுனனின் மெலிந்த நாய்க்கு. இரண்டு சிப்பாய்கள் அதையும் அவரையும் கூடாரத்துக்குப் பின்னால் அழைத்துப் போனார்கள். பார்க்கப் பொறுக்காமல் மாயாண்டி நாயை இழுத்துக்கொண்டு நடந்தான். ஒரு மரத்தடியில் உட்கார்ந்தவன், அப்படியே தூங்கிப்போனான்.

மத்தியானம் ரெஸ்ட் ஹவுஸுக்கு வந்தபோது நவமணி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"பாவம்க்கா அர்ச்சுனண்ணே," என்றான் மாயாண்டி. "எனக்குப் புத்தி சொன்ன மனுசன், தன் நாயைப் பட்டாளத்துக்குப் பறிகுடுத்துட்டாரே!"

நவமணி ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

"யாரு பறிச்சா? மொதப் பரிசு அரிசி மூட்டையையும் நாயையும் ஏத்திக்கிட்டு அவரு அப்பவே தைப்பிங் போயிட்டாரு. போன வருசமும் எல்லார்கிட்டயும் இந்தப் பட்டாளக் கதையச் சொல்லித்தான் ஜெயிச்சு, கேட்டவங்களுக்கெல்லாம் கரி குடுத்ததுக்கு எனக்கு ரெண்டு படி அரிசி அளந்தாரு லா."