பெண்கள் பக்கம் பார்த்துப் பேசியவன்

பெண்களைப் பேச விடுங்கள் என்று கேட்டு முப்பத்தைந்து நிமிடம் மைக்கை விடாமல் பேசிய ஆண் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பேச வேண்டிய பெண் ஐந்தடி தூரத்தில், கையில் மடித்த காகிதத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவள் என் சொந்த அக்கா. இதை எழுதும்போது இப்போதும் காது சூடாகிறது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சமூகப்பணி படித்து முடித்து நாகர்கோவிலில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். (சேர்ந்த மறுநாளே தோளில் ஜோல்னாப் பை ஏறிவிட்டது. கறிக்கடையில் நின்றால்கூடப் பெண்களின் பங்கேற்பு பற்றி ஆரம்பித்துவிடுவேன். கடைக்கார அண்ணன் வரிசையை மீறி எனக்கு முதலில் கறி வெட்டிக் கொடுத்து அனுப்பிவிடுவார். மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.)

பக்கத்து ஊரில் புதிதாகச் சந்தைக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதில் கடை கேட்டு ஒரு பெண் விண்ணப்பித்தால், கணவரோ மாமனாரோ, வீட்டு ஆண் ஒருவர் சம்மதக் கடிதம் தர வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். ஆண் விண்ணப்பித்தால் யாருடைய சம்மதமும் வேண்டாம். அந்த விதியை எடுங்கள், பெண்களுக்கென்று சில கடைகளை ஒதுக்குங்கள் என்பது எங்கள் கோரிக்கை. கோரிக்கை நியாயமானது, அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

ஷீலா அக்காவை இரணியலில் கட்டிக் கொடுத்திருந்தோம். அத்தானுக்கு மஸ்கட்டில் வேலை. வீட்டில் இருப்பது அவளுடைய மாமனார் ஞானதாஸ் மாமா. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சர்ச் சபைக் கமிட்டியில் முக்கியஸ்தர். ஏத்தங்காய் (வெளியூரில் நேந்திரங்காய்) சிப்ஸ் போட்டு விற்க வேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டபோது, "நம்ம வீட்டுப் பெண்ணு கடை கடையா ஏறி எறங்குனா ஆளுவ என்ன சொல்லுவாவ?" என்று கேட்டார். அக்கா எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து வீட்டுக்குப் பின்னால் அடுப்பு எரிந்தது. முன்னால் 'ஞானதாஸ் அன் சன்ஸ்' என்று போர்டு தொங்கியது. (அவருக்கு ஒரே மகன். பன்மை கௌரவத்துக்காக.)

மாமா முன்னறையில் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, போனை எடுத்து, "கம்பெனியில இருந்துதான் பேசுகேன்" என்பார். உள்ளே எட்டுப் பெண்களை வைத்து வேலை நடத்துவது அக்கா. இரணியலிலிருந்து கொட்டாரம் வரை எந்தக் கடைக்கு எந்தக் கிழமை எத்தனை பாக்கெட் என்பது முழுவதும் அவள் மண்டைக்குள் இருக்கும். ஒரு துண்டுச் சீட்டுகூட வைத்துக்கொள்ள மாட்டாள். மறந்துவிடாதா என்று கேட்டால், "ஓர்மையுண்டு மக்கா" என்பாள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "பாடுபடுகது நீ, பேரு அவருக்கா அக்கா?" என்று குதித்தேன்.

"பேரு தொங்கிட்டுப் போட்டும் மக்கா. அடுப்பு எரியுதுல்லா" என்றாள்.

இந்தப் பதிலை அடிமை மனோபாவம் என்று என் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்.

விதி பற்றிக் கருத்துக் கேட்க ஊர்ச் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். நான் இரண்டு நிமிடம் அறிமுகம் செய்வது, பிறகு அந்தச் சந்தையில் கடை கேட்டிருந்த அக்கா பேசுவது என்று ஏற்பாடு. கூட்டத்துக்கு வந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உட்காருகிற மாதிரியே ஆண்கள் இடப்பக்கமும் பெண்கள் வலப்பக்கமும் உட்கார்ந்தார்கள். யாரும் சொல்லவில்லை, எங்கள் ஊரில் சொல்ல வேண்டியதும் இல்லை. பாதிக்கப்பட்டவர்களின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் படித்திருந்தேன் அல்லவா, அதனால் கழுத்து மாட்டிக்கொண்ட டேபிள் ஃபேன் மாதிரி வலப்பக்கத்தையே பார்த்துப் பேசினேன். இடப்பக்கம் திரும்புவது கொள்கைக்கு இழுக்கு என்று நினைப்பு.

அறிமுகம் நன்றாகத்தான் போனது. யாரோ கைதட்டினார்கள். அங்கேதான் கெட்டது.

"இந்த ஊர்ப்பக்கம் ஒரு கம்பெனி இருக்கிறது. போர்டில் ஒரு ஆணின் பெயர். அந்த முதலாளிக்கு ஏத்தங்காயை எந்தப் பக்கம் உரிக்க வேண்டும் என்றுகூடத் தெரியாது" என்றேன். பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. சிரிப்பு வந்தால் நான் மனிதனே இல்லை. நாற்காலியில் சாய்வது, போனைத் தூரத்தில் பிடித்துப் பேசுவது, பேசி முடித்ததும் களைத்துப்போய் டீ கேட்பது என்று எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். அக்கா வலது கையை மெல்ல அசைத்தாள். உற்சாகப்படுத்துகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு கையாலும் அசைத்தாள். குரலை உயர்த்தினேன். கடைசியில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள் என்று நினைத்து இன்னும் பத்து நிமிடம் பேசினேன். சிரிப்பு எப்போதோ நின்றுபோயிருந்தது.

அதிகாரி குறுக்கிட்டார். "நீங்க சொல்ற அந்தப் பெரியவர் கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

இடப்பக்கம் மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. நான் அன்றைக்கு முதல் தடவையாக அந்தப் பக்கம் திரும்பினேன்.

ஞானதாஸ் மாமா வெள்ளை வேட்டி சட்டையில் நின்றுகொண்டிருந்தார்.

"நான்தான் மேடம் அது. தம்பி சொன்னது சரிதான். எனக்கு உரிக்கத் தெரியாது" என்றார். கும்பிட்டுவிட்டு நடந்து வெளியே போனார். குடையை நாற்காலியிலேயே விட்டுவிட்டார். அக்கா எழுந்து அந்தக் குடையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினாள்.

"அடுத்துப் பேச வேண்டியவங்க யாரு?" என்று அதிகாரி கேட்டார்.

"போயிட்டாங்க மேடம்" என்றேன்.

வேறு பெண்கள் யாராவது பேசுகிறீர்களா என்று அவர் இரண்டு முறை கேட்டார். மாமா தலை குனிந்து போனதைப் பார்த்த பிறகு எந்தப் பெண் எழுந்து நிற்பாள்? பெண்கள் எவரும் கருத்துத் தெரிவிக்கவில்லை என்று கூட்டக் குறிப்பில் ஏறியது. விதி இருந்த இடத்தில் இருந்தது.

பெண் கொடுத்த வீட்டுக்காரன் சம்பந்தி வீட்டுக்கு முன்னால் குரல் உயர்த்துவதையே எங்களில் யாரும் மன்னிக்க மாட்டார்கள். நான் மைக் வைத்து உயர்த்தியிருக்கிறேன். அப்பா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனபோது போர்டு இறங்கிச் சுவரோரம் திரும்பி நின்றது. மாமா கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவர், "நீ பொய்யொண்ணும் சொல்லலியே மக்கா" என்று சொல்லிவிட்டுப் பைபிளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அக்கா என்னைத் திட்டவில்லை. துவைக்கப் போட்ட அவருடைய சட்டைப் பையில் கிடைத்தது என்று ஒரு தாளை நீட்டினாள். தலைமையாசிரியரின் முத்துமுத்தான கையெழுத்து. 'என் மருமகள் நடத்தும் தொழிலுக்கு என் சம்மதம் தேவையில்லை என்பதையும், கடையை அவள் பெயரிலேயே தர வேண்டும் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.' அதிகாரியிடம் கொடுப்பதற்காக அன்று கொண்டுவந்திருந்தார்.

"இத அவரு கையால எழுத வைக்க எனக்கு ரெண்டு வருசம் ஆச்சு மக்கா. நீ அரை மணிக்கூறுல முடிச்சிட்ட" என்றாள்.

அவர் அந்த நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. விடியுமுன் வாழைக்குலைச் சந்தைக்குப் போய், காயை நகத்தால் கீறிப் பார்த்து விளைந்த குலையாக எடுத்துவருவது அவர்தான். வாழை விவசாயிகளில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள், அவருக்கு மோசமான குலையைக் கொடுக்க மாட்டார்கள். (நான் எட்டு மணிக்கு எழும்பி உரிமை பேசுகிறவன், எனக்கு எப்படித் தெரியும்?) அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவர் போகாததால் அக்காவே போனாள். விளையாத காயைத் தள்ளிவிட்டார்கள். சிப்ஸ் நமுத்துப்போனது. மாமனாரைப் பார்த்து ஊரே சிரிக்க வைத்தவள் என்று சொந்தக்காரர்கள் மஸ்கட்டுக்குப் போன் போட்டார்கள். அத்தான், "போதும் ஷீலா, நிறுத்து" என்றார். எட்டுப் பெண்களும் வேறு வேலை தேடிப் போனார்கள். சந்தையில் கடைகள் ஒதுக்கப்பட்ட நாளில் அக்காவின் அடுப்பில் பூனை படுத்திருந்தது. நான் கண்ணால் பார்த்தேன். எதையும் நான் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, ஆனால் அந்தப் பூனையைப் பார்த்த பிறகு அதைச் சொல்லிக்கொள்ள வாய் வரவில்லை.

ஒரு வருடம் கழித்து இரண்டு பெண்களோடு மறுபடியும் அடுப்பை மூட்டினாள். மாமாவும் சந்தைக்குப் போக ஆரம்பித்தார். ஆனால் அந்த நாற்காலியில் அவர் உட்காருவதில்லை. அதன்மேல் இப்போது குலைகளை வைக்கிறார்கள்.

எப்போது அந்த வீட்டுக்குப் போனாலும் புட்டோடு ஒரு ஏத்தம்பழம் எனக்குத் தனியாக வரும். "மக்கா, எந்தப் பக்கம் உரிக்கணும்? படிச்ச ஆளுல்லா, சொல்லிக் குடு" என்பார் மாமா. அத்தான் லீவில் வந்திருந்தால் மைக்குக்குப் பதில் கரண்டியை நீட்டுவார். அக்காவின் பிள்ளைகள் வரை இந்தக் கதை தெரியும். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே உரித்துத் தின்பேன்.

போன கிறிஸ்துமஸுக்கு அக்கா தனியாக அடுப்படியில் நின்றபோது, இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன். அன்றைக்கு அந்தக் காகிதத்தில் என்ன எழுதிவைத்திருந்தாய் அக்கா என்று.

கொட்டாரம் வரைக்கும் ஒவ்வொரு கடையின் கணக்கையும் தலைக்குள் வைத்திருக்கிறவள், எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"ஓர்மையில்ல மக்கா."