கடிகாரத்துக்கு முதுகு காட்டியவன்

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது ஒரு நிமிடம் காது கொடுத்தால் இருபது நிமிடம் எடுத்துக்கொள்வேன். இப்போது பரவாயில்லை, வீட்டில் வைத்தியம் நடக்கிறது. இருபத்தொன்பது வயதில் கேட்பாரில்லாமல் முற்றிக் கிடந்தது.

எழுபதுகளின் நடுவில் நாச்சாரம் பக்கம் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் நான் ஜூனியர் இன்ஜினியர். எனக்குப் பெண் தேடும் பொறுப்பு ஹைதராபாத்திலேயே இருந்த அக்காவுக்கும் அத்தானுக்கும். நான்கு வீட்டில் கேசரி சாப்பிட்டாயிற்று. நான்கு வீட்டாரும் "பாத்துட்டுச் சொல்லுதோம்" என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஐந்தாவது, ஹப்சிகுடாவில் கோமதி. அவள் அப்பாவும் எங்களைப் போலத் திருநெல்வேலிக்காரர், மத்திய அரசு ஆய்வுக்கூடத்தில் வேலை. பெண் எம்.ஏ. ஆங்கிலம். போட்டோவைப் பார்த்த அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை. (மூன்று வேளையும் சாப்பிட்டேன். இறங்கவில்லை, அவ்வளவுதான்.)

ஆங்கிலம் படித்த பெண்ணை வெறும் கையோடு பார்க்கப் போவதா? தொழிற்சாலை நூலகத்தில் தலையணை கனத்தில் ஓர் அகராதி இருந்தது. ஒரு வாரம் மதிய இடைவேளையில் அதைப் புரட்டி ஒரே ஒரு வார்த்தையை உருப்போட்டேன். 'பிரசென்ட்லி'. பழைய காலத்தில் அதற்கு 'இந்தக் கணமே' என்று பொருளாம். பிறகு அது சோம்பிப்போய் 'கொஞ்ச நேரத்தில்' என்றாகிவிட்டது. என்ன அழகான விஷயம்! நாலு பேரிடம் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

இரண்டாம் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மூவரும் போய் இறங்கினோம். கோமதியின் அப்பா விஷயத்தை உடைத்தே சொல்லிவிட்டார்.

"ஒளிச்சுப் பேச என்ன இருக்கு? பதினோரு மணிக்கு இன்னொரு வீட்டுக்காரங்க வர்றாங்க. பையன் பேங்க் ஆபீசர். ஒம்பதுக்கு ராகு காலம். அதுக்குள்ள ரெண்டு பக்கமும் சம்மதம்னு ஆயிட்டா, ஆளனுப்பி அவங்கள வர வேண்டாம்னு சொல்லிருவேன்."

கோமதி கேசரியோடு வந்தாள். போட்டோ எடுத்தவனைக் கூப்பிட்டு உதைக்க வேண்டும், பாதியைக்கூட அவன் பிடிக்கவில்லை. மணி எட்டு முப்பத்தைந்து. 'பிடிச்சிருக்கு' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். அதற்குள் அவள், "உங்களுக்குப் படிக்கிற பழக்கம் உண்டா?" என்று கேட்டுவிட்டாள்.

விடுவேனா?

"அதாவது…" என்று ஆரம்பித்தேன். 'இந்தக் கணமே' எப்படி 'கொஞ்ச நேரத்தில்' ஆயிற்று? "மனுஷனோட சோம்பேறித்தனம்தாங்க! எஜமான் கூப்பிடுவான், வேலைக்காரன் 'இந்தக் கணமே வர்றேன்'ம்பான், வர மாட்டான். நூறு வருஷம் இப்படியே போனா, வார்த்தை என்னதான் செய்யும்? நம்ம ஊர் ஆட்டோக்காரர் 'அபி ஆத்தும்', இதோ வந்துட்டேன்னு சொல்லிட்டுப் போறார், சாயந்தரம்தானே வர்றார்?" அங்கிருந்து ஆபீஸ் மெமோவுக்குத் தாவினேன். அதே வார்த்தை அங்கே 'தற்போது' என்ற பொருளில் வந்து உட்கார்ந்திருக்கும் விந்தையை விளக்கினேன்.

சபை அசையவில்லை. கோமதியின் அப்பா கண் கொட்டாமல் என்னையே பார்த்தார். அக்கா பார்த்தாள். அத்தானுக்கு நெற்றியில் வேர்வை. இப்படி லயித்துக் கேட்டவர்களை என் வாழ்நாளில் கண்டதில்லை. அத்தான் என் காலை மிதித்தார். தெரியாமல் பட்டுவிட்டது என்று காலை நகர்த்திக்கொண்டேன்.

முடித்ததும் கோமதியின் அப்பா மெல்லச் சொன்னார். "தம்பி, மணி ஒம்பது ரெண்டு."

திரும்பினேன். என் தலைக்கு நேர் மேலே சுவரில் கடிகாரம். இத்தனை நேரமும் அவர்கள் பார்த்தது அதைத்தான்.

"ஏல, ஒனக்கு வாயா, வாய்க்காலா?" என்றார் அத்தான்.

இனி பத்தரை வரை சம்மதம் சொல்லக் கூடாது. ராகு காலத்தில் கிளம்பவும் கூடாது. ஒன்றரை மணி நேரம் முழங்காலோடு முழங்கால் இடிக்க எல்லோரும் சிலை. கோமதியின் அம்மா, "இன்னொரு காபி?" என்றார். 'சரி' என்றால் கல்யாணத்துக்குச் சொன்னதாகிவிடுமோ, 'வேண்டாம்' என்றால் பெண்ணைச் சொன்னதாகிவிடுமோ என்று அக்கா விழித்தாள். அத்தான்தான் சமாளித்தார். "நக்கோ" என்று ஹைதராபாத் உருதுவில் வேண்டாமென்றார். உருது ராகுவுக்குப் புரியாதாம்.

எனக்கு அழுகை வராத குறை. கைக்கு எட்டியதை நானே வாயால் தள்ளிவிட்டேன். பேங்க் ஆபீசர் வருவார், 'பிடிச்சிருக்கு' என்பார், முடிந்தது.

பத்து இருபத்தைந்துக்கு வாசலில் ஆட்டோ சத்தம். கோமதியின் அப்பா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். முகம் கறுத்தது. "ராகு காலத்துலயே கிளம்பி வந்திருக்காங்களே!" என்றார். அப்படிச் சொன்னாலும், வந்தவர்களை நிற்கவைக்க முடியுமா? செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டுக்குப் போக எழுந்தார். கடிகாரம் பத்தரை அடித்தது.

"அப்பா, எனக்குச் சம்மதம்" என்று உள்ளேயிருந்து கோமதியின் குரல் வந்தது.

"எனக்கும்" என்றேன். என் வாழ்நாளின் மிகச் சிறிய பேச்சு அது.

கல்யாணமான பிறகு ஒரு நாள், எதைக் கண்டு சரி என்றாய் என்று ஆசையாகக் கேட்டேன். "நீங்க சொன்னதுல முழுசா ஒரு நூற்றாண்டு தப்பு. எங்க கிளாஸ்லயே இதைப் படிச்சிருக்கோம். ராகு காலத்துல எதுக்குச் சண்டைனு விட்டுட்டேன். திருத்தாம இருக்க முடியல, அதான் கட்டிக்கிட்டேன்" என்றாள்.

மாமனார் அந்தக் கடிகாரத்தையே சீராகக் கொடுத்தார். "தம்பி, இது உங்க முதுகுக்குப் பின்னால மட்டும் வேண்டாம்" என்றார். என் நாற்காலிக்கு எதிரே மாட்டினோம். நான் 'அதாவது' என்று ஆரம்பித்தால் மொத்தக் குடும்பமும் வாயைத் திறக்காமல் அதைப் பார்க்கும். என் மகள் மட்டும், அப்பா மணியைப் பாருங்க என்பதைத் தெலுங்கில், "நான்னா, டைம் சூடண்டி" என்பாள்.

அவளைப் பெண் பார்க்க வந்தபோது கோமதி என்னைக் கடிகாரத்துக்கு எதிரே உட்காரவைத்து, வாய் காலியாகாமல் கேசரி பரிமாறிக்கொண்டே இருந்தாள். வந்த பையனும் கேசரியை ஒரு வாய் ருசித்தான். தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "அங்கிள், இந்தக் கேசரிங்கிற வார்த்தை இருக்கே, அதாவது…" என்றான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு என் தட்டிலிருந்ததை அப்படியே அவன் தட்டில் தள்ளி, "சாப்பிடுங்க மாப்பிள்ளை" என்றேன்.