அரை இஞ்ச் குறைந்த ரொட்டிக் குச்சி

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதுவது. உங்கள் முழங்கால் வலி, உங்கள் வீட்டு அக்காவின் தலைசுற்றல், உங்கள் தங்கையின் கோபம் ஆகிய மூன்றும் இந்நேரம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கு நான் நலம். ஓவனும் நலம். சமையலறையின் நான்கு சுவர்களில் மூன்று நலம். நான்காவதைப் பற்றிக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன்.

முந்தாநாள் உங்களுக்குப் போன் செய்தேன். சௌக்கியமா என்று கேட்டதற்கு "ம்" என்றீர்கள். அவள் இருக்கிறாளா என்றதற்கும் "ம்". கொஞ்சம் கூப்பிடுகிறீர்களா என்றதற்கும் அதே "ம்"தான். பிறகு போன் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. தலைமையாசிரியராக இருந்தவருக்கு மூன்று கேள்விக்கு மூன்று பதில் போதும் என்று தோன்றியிருக்கலாம். எனக்குத்தான் போதவில்லை, ஆகவே இந்தக் கடிதம். சிவப்புப் பேனாவை எடுக்காமல் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நடந்தது இதுதான். அவள் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அவள் சொன்னதையே வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாளைக்கு முன் உங்கள் தங்கை முதல்முறையாகப் பூண்டு ரொட்டிக் குச்சி செய்தாள். வீடு முழுக்க வெண்ணெயும் பூண்டும் மணந்தன. நெற்றியில் மாவோடு, தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து என் முன்னால் வைத்து, "எப்படிங்க இருக்கு?" என்று கேட்டாள். எனக்கு நல்ல புத்தி இருந்திருந்தால் ஒன்றை எடுத்து வாயில் போட்டிருப்பேன். ஆனால் முப்பத்தாறு வருஷம் சர்வேயராக ஊர் ஊராக நிலம் அளந்தவன் நான், மச்சான், ஓய்வு பெற்ற பிறகும் எஃகு ஸ்கேல் சட்டைப் பையிலேயே இருக்கிறது, கை தானாக அங்கே போய்விட்டது. பன்னிரண்டையும் வரிசையாக வைத்து அளந்து, "பதினொண்ணு சரியா இருக்கு, ஏழாவது மட்டும் அரை இஞ்ச் குறையுது" என்று சொன்னேன். பாராட்டாகத்தான் சொன்னேன், பதினொன்று சரியாக வருவது சாமானியமா? அவள் நெற்றி மாவைத் துடைத்துக்கொண்டாள். "முப்பத்தொரு வருஷத்துல ஒரு தடவையாவது நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கீங்களா? எல்லாத்தையும் அளந்துதான் பார்த்திருக்கீங்க" என்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன், விஷயம் அன்றே முடிந்திருக்கும். தட்டை அப்படியே கீழ்வீட்டுத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் பஸ் ஏறிவிட்டாள். தையல்காரர் பன்னிரண்டையும் ஒரே மூச்சில் தின்று தீர்த்தார். இன்றைக்கும் என்னை மாடிப்படியில் பார்த்தால் உதட்டை நக்கிக்கொள்கிறார். அது என்ன ருசி என்பது எனக்கு மட்டும் தெரியாது.

நான்கைந்து நாள் வீறாப்பாக இருந்தேன். ஆறாம் நாள் காலையில் இரண்டு டம்ளர் காப்பி போட்டுவிட்டேன். இரண்டாவது டம்ளர் எதிரே ஆறிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான், பன்னிரண்டு குச்சியை நானே என் கையால் செய்து, அளக்காமல், அவளுக்கு அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தேன். நல்லா இருக்கு என்று சொல்லத் தெரியாதவன் செய்தாவது காட்டலாமே என்றுதான். அதைத் தின்றுவிட்டு அவள் திரும்பி வந்தால் சரி. வராவிட்டால் என்ன செய்வது என்பதை நான் யோசிக்கவில்லை, யோசிக்க உட்கார்ந்தால் எழுந்து மைதா டப்பாவைத் தேடப் போய்விடுகிறேன்.

அவளுடைய சமையல் நோட்டு அலமாரியில் கிடைத்தது. மச்சான், அந்த நோட்டு முழுவதும் தேடினாலும் ஒரு எண் கிடையாது. மாவு, தேவையான அளவு. உப்பு, வழக்கம்போல. தண்ணீர், மாவு கேட்கிற அளவு. மாவு எப்படிக் கேட்கும்? வீட்டில் யாரும் இல்லாத தைரியத்தில் கிண்ணத்தருகே குனிந்து காதை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை, காதுக்குள் மைதா போனதுதான் மிச்சம். ஈஸ்ட் கரைக்கக் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் என்று போட்டிருந்தது. நடு வெயிலில் நிலம் அளக்கும் இரும்புச் சங்கிலி இழுத்த கை இது, எந்தச் சூட்டையும் பொறுக்கும். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை விட்டு விரலை வைத்தேன், பொறுத்தது. ஈஸ்ட்தான் பொறுக்கவில்லை, பாவம், அப்போதே உயிரை விட்டுவிட்டது. அது தெரியாமல், மாவு காது மடல் பதத்துக்கு வரும்வரை பிசையவும் என்று எழுதியிருந்தபடி, ஒரு கையால் மாவையும் ஒரு கையால் என் காதையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பிசைந்தேன். என் காது மடல் வெயிலில் காய்ந்து செருப்புத் தோல் மாதிரி ஆகிவிட்டது என்பது எனக்கு அதுவரை தெரியாது. சாயங்காலம் வரை காத்திருந்தும் மாவு ஒரு இம்மி அசையவில்லை. மனசு கேட்காமல் சுட்டு எடுத்தேன். பன்னிரண்டும் நிலத்தில் அடிக்கிற முளைக்குச்சி மாதிரி வந்தன. ஒன்றைப் பூந்தொட்டியில் சுத்தியலால் அடித்துப் பார்த்தேன், நேராக இறங்கியது. இன்னொன்று இப்போது படுக்கையறை ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. நல்ல உழைப்பாளி.

இரண்டாம் தடவை தையல்காரரைக் கூப்பிட்டேன். காதுக்குப் பின்னால் வருஷக்கணக்காகப் பென்சில் செருகியிருப்பவர், மடல் நன்றாக இளகித் தொங்கும். விஷயத்தைச் சொல்லி, காதைக் கொஞ்சம் தொட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், ஆனாலும் அந்தப் பன்னிரண்டு குச்சியின் நன்றிக்கடன் இருக்கிறதே, ஸ்டூலில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக்கொண்டார். தண்ணீரின் சூட்டையும் அவர் கையாலேயே பார்த்துக்கொண்டு, அவர் காதுப் பதத்துக்குப் பிசைந்தேன். பாதியில் மாவு கையை விட்டு வழுக்கிப் பறந்து சுவரில் போய் அப்பிக்கொண்டது. மேலே சொன்ன நான்காவது சுவர் அதுதான். வழித்து எடுத்த பிறகும் தெற்கே பாதை வசதியோடு ஒரு முக்கோண மனையின் வரைபடம் மாதிரி மாவுக் கறை அங்கே தெளிவாகத் தெரிகிறது. வெள்ளையடிக்க மனம் வரவில்லை.

எடுத்த மாவைக் கதகதப்பான இடத்தில் மூடித் தூங்க வைக்கவும், இரண்டு மடங்கானதும் எடுக்கவும் என்று நோட்டு சொன்னது. வீட்டில் மதியம் கதகதப்பான இடம் ஜன்னலோரக் கட்டில்தான், அதிலும் அவள் படுக்கும் பக்கம். அவளுடைய தலையணைக்குப் பக்கத்தில் கிண்ணத்தை வைத்து, அவள் விட்டுப்போன சால்வையால் போர்த்தினேன். எது இரண்டு மடங்கு ஆக வேண்டும் என்று எழுதவில்லை. சந்தேகம் வந்தால் எல்லாப் பக்கமும் அளப்பது எங்கள் துறை வழக்கம். ஆகவே நீளம், அகலம், உயரம் மூன்றையும் குறித்துக்கொண்டேன். மூன்றும் தனித்தனியே இரண்டு மடங்காக வேண்டும் என்று காவலுக்கு நானும் பக்கத்தில் படுத்தேன். வெயில் ஜன்னல் கம்பியின் நிழலைச் சால்வைமேல் போட்டிருந்தது. அந்த நிழல் மெல்ல, மெல்ல மேலே ஏறியது. மாவு மூச்சு விடுகிறது மச்சான், உற்றுக் கேட்டால் தெரியும், சின்னச் சின்னதாக ஒரு பெருமூச்சு. அதைக் கேட்டுக்கொண்டே கண் சொருகிவிட்டது.

கனவில் ஒரு வெள்ளை நிலம். கல் கிடையாது, மரம் கிடையாது, எல்லையே கிடையாது. நான் சங்கிலியை இழுத்து அளந்து எண்ணை எழுதுகிறேன், எழுதி முடிப்பதற்குள் நிலம் ஒரு மூச்சு விடுகிறது, எண் தப்பாகிவிடுகிறது. அழித்து எழுதுகிறேன், மறுபடி ஒரு மூச்சு. வழக்கமாக இப்படி ஒரு நிலம் வாய்த்தால் மேலதிகாரிக்குப் புகார் எழுதியிருப்பேன், கனவில் எனக்குக் கோபமே வரவில்லை, சுகமாக இருந்தது. வெகு தூரத்தில் உங்கள் தங்கை தட்டை ஏந்திக்கொண்டு வெறுங்காலோடு நடந்து வந்தாள், ஒவ்வொரு அடிக்கும் கால் மெத்தென்று உள்ளே போய் மேலே வந்தது. அங்கேயே நில், அளந்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று கத்தினேன். "அளந்துக்கிட்டே இருந்தா எப்பங்க வருவீங்க?" என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள் என் கன்னத்தில் மெத்தென்று, வெதுவெதுவென்று ஏதோ பட்டது. அவள் கைதான் என்று நினைத்து, கண்ணைத் திறக்காமலே "வந்துட்டியா" என்றேன். மாவு. கிண்ணத்தைத் தாண்டி, சால்வையைத் தூக்கிக்கொண்டு, அவள் தலையணை முழுவதும் பரவி என் கன்னம் வரை வந்திருந்தது. கொஞ்ச நேரம் நான் அசையவில்லை. அசைந்தால் அது மாவாகிவிடும் என்று தோன்றியது.

தலையணையைப் பார்த்துத் தையல்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "சார், நீளம் ரெண்டு, அகலம் ரெண்டு, உயரம் ரெண்டுன்னு போனா மொத்தம் எட்டு மடங்காயிடும் சார். துணி வெட்டுற எனக்கே தெரியுது" என்றார். நியாயம்தான். ஆனால் நான் அளந்த நிலத்துக்கெல்லாம் உயரம் கிடையாதே, என்னைச் சொல்லி என்ன பயன்? போகும்போது, நான் உரித்த பூண்டின் வாசம் மாடிப்படி வழியாக இறங்கி அவர் தைத்து வைத்த கல்யாணக் கோட்டில் ஏறிவிட்டது என்றும், மாப்பிள்ளை கோட்டைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பசிக்கிறது என்று சொன்னதாகவும் வருத்தப்பட்டார்.

இன்று மூன்றாம் தடவை. தண்ணீரை இன்றும் தையல்காரரின் கை பொறுக்கும் சூட்டில் எடுத்தேன், ஈஸ்ட் நுரைத்துக்கொண்டு சந்தோஷமாக எழுந்தது. மாவைப் பிசைய ஆரம்பித்துக் காது மடல் வந்ததும் கை நின்றுவிட்டது. என் காது ஆகாது, தையல்காரர் காதும் ஆகாது. அப்படியானால் அவள் யாருடைய காதைத் தொட்டுப் பார்த்து எழுதினாள்? அவளுடைய காதைத்தான். அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன் மச்சான். எனக்குத் தெரியவில்லை. எந்த ஊர் எல்லைக்கல் எந்தப் புளிய மரத்தடியில் இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன், முப்பத்தொரு வருஷம் பக்கத்தில் படுத்தவளின் காது மடல் எத்தனை மெது என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அவள் அண்ணனுக்கு எழுதக்கூடிய விஷயம் இல்லைதான், இந்த நாலு வரியை நீங்கள் படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஏதோ உத்தேசமாகப் பிசைந்து, மூடி வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மாவு பொங்கியதும் சுட்டு, பன்னிரண்டு குச்சியைத் தையல்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன். நாளைக்கு அவர் பொத்தான் வாங்க உங்கள் பக்கம் வருகிறார். அவளிடம் கொடுத்துவிடுங்கள், வேறு ஒன்றும் சொல்ல வேண்டாம். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன். அவள் அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டியதில்லை, வேண்டிய மட்டும் இருந்துவிட்டு வரட்டும். நானாக வந்து கூப்பிடுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். மனுஷனுக்குத் தன்மானம் என்று ஒன்று இருக்கிறது.

உங்கள் முழங்காலுக்கு என் வணக்கம், அக்காவுக்கு என் அன்பு. நீங்கள் இருவரும் நீண்ட காலம் ஒருவருக்கொருவர் பேச்சுத்துணையாக, குறைவில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பி.கு: மேலே எழுதியதில் வேளைக்குச் சாப்பிடுவது, நன்றாகத் தூங்குவது, குறை இல்லாதது எல்லாம் பொய். தன்மானம் பஸ் ஸ்டாப் வரைதான் கூட வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு மாவைத் தொட்டுப் பார்த்தேன், பதம் சரியா தப்பா என்று சொல்ல எனக்கு ஆள் இல்லை. கிண்ணத்தைச் சால்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். பக்கத்து சீட் அம்மா, குழந்தை தூங்குதா என்று கேட்டார்கள். ஆமாம், எழுப்பிவிடாதீர்கள் என்றேன். வழியெல்லாம் அது மடியில் மூச்சு விட்டுக்கொண்டே வந்தது, இப்போது இரண்டு மடங்காகியிருக்கிறது. அளக்கவில்லை. ஸ்கேலை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன், சட்டைப் பை லேசாக இருக்கிறது. உங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, கிண்ணத்து மூடியை மேசையாக வைத்து இதை எழுதுகிறேன். பெல்லை அடிக்கப் பயமாக இருப்பதால் கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். உங்கள் வீட்டு ஓவனைச் சூடு பண்ணச் சொல்லுங்கள் மச்சான், இனி அரை மணி நேரத்துக்குமேல் இது தாங்காது. நானும் தாங்க மாட்டேன். அவளுக்கு என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் பரவாயில்லை. கதவைக் கொஞ்சமாகத் திறந்து, காதை மட்டும் காட்டச் சொல்லுங்கள்.