நாக்குப் பரிசோதனை

தலைமையாசிரியர் கலியாணசுந்தரத்தின் மேஜைமேல் ஒரு கோலி பாட்டில் நின்றுகொண்டிருந்தது. பாதிவரை சிவப்புக் கலர். எதிரே, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி தேவகி என்ற அம்மாள்.

“இதைத்தான் சார் பசங்க இன்டர்வல்லுக்கு இன்டர்வல் குடிச்சிக்கினு இருக்குதுங்க. பூராவும் சக்கரை. பல்லெல்லாம் சொத்தை. சோறு போட்டா வேணாம்னுதுங்க. பாத்துக்கினு எப்படி சார் சும்மா இருக்கறது? வயிறு எரியுது.”

கலியாணசுந்தரம் பாட்டிலை ஒரு விரலால் தள்ளி வைத்தார். இத்தனை வருஷ உத்தியோகத்தில் பிள்ளைகளின் பல்லைப் பற்றி அவர் யோசித்ததே இல்லை. யாராவது பல்லைக் காட்டினால் அடித்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஆனால் இந்த வருஷம் விஷயம் வேறு. மார்ச் மாதத்தோடு அவருக்கு ஓய்வு. மாவட்டச் சுகாதாரக் கேடயம் பள்ளிக்கு வந்துவிட்டால் இன்னும் இரண்டு வருஷம் நாற்காலியில் இருக்கலாம் என்று தாளாளர் உமாபதி வாக்குக் கொடுத்திருந்தார். வராவிட்டால் சொந்த ஊரான தாமலுக்குப் போய் அண்ணன் வீட்டில் ஒண்ட வேண்டும். அண்ணனோ ஏரித் தண்ணீரைக் கழனிக்குத் திருப்ப ஆள் கிடைக்காமல், தம்பி எப்போது ஓய்வு பெறுவான் என்று காத்துக்கொண்டிருந்தார். மண்வெட்டிக்குப் புதுப் பிடி போட்டாகிவிட்டது என்று போன வாரம்தான் சொல்லி அனுப்பியிருந்தார்.

கலியாணசுந்தரம் எழுந்து நின்றார். உட்கார்ந்தபடி சபதம் செய்வது அவருக்கு வராது.

“அம்மா, நாளை முதல் இந்தக் கல்விக்கூடத்தின் நிழலில் ஒரு சொட்டுக் கலர் இருக்காது. இது என் சபதம்.”

“சபதம்லாம் எதுக்கு சார். வாசல்ல நிக்குதே பழனி வண்டி, அத்த மட்டும் எடுக்கச் சொல்லிட்டீங்கன்னா போதும்.”

இவ்வளவு பொறுப்புள்ள ஒரு தாயை அவர் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாரே தவிர, மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேள்வி கேட்பது பரீட்சைத்தாளின் வேலை என்பது அவர் கொள்கை.

மறுநாள் காலை வழிபாட்டில் ‘சர்க்கரை எனும் சத்துரு’ என்று வெயிலில் பிரசங்கம் நடந்தது. சத்துரு யார் என்று தெரிவதற்குள் ஆறாம் வகுப்பில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். அவள் முகத்தில் தெளிக்க பியூன் முனிசாமி அவசரத்துக்கு ஓடிப்போய் வாங்கி வந்தது பழனியின் கலர்தான். சட்டை சிவந்ததைப் பார்த்து ரத்தம் என்று நினைத்து இன்னும் இரண்டு பேர் விழுந்தார்கள்.

அன்றே பழனியின் வண்டி வாசலைவிட்டுப் போனது. கோயில் குளத்து மூலைக்குப் போய் நின்றது. இடைவேளை மணி அடித்ததும் பள்ளிக்கூடமே குளத்து மூலைக்கு ஓடியது. ஓடிய வேகத்தில் எதிரே பட்டு நூல் கட்டோடு சைக்கிளில் வந்தவரைச் சாக்கடையில் தள்ளியது. நூலை அலசிக் கொடுக்கும் வரை அவர் தலைமையாசிரியர் அறையைவிட்டு நகரவில்லை.

தேவகி வந்தாள். “கேட்டைப் பூட்டிடுங்க சார். பசங்க வெளிய போனாதானே வம்பு.”

கேட்டைப் பூட்டினார்கள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு முனிசாமி டீ குடிக்கப் போய்விட, தாளாளர் உமாபதியின் கார் வெளியே வெகுநேரம் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தபடி கம்பிக்கு நடுவில் கையை விட்டுக் கும்பிட்டார் கலியாணசுந்தரம். பார்ப்பதற்கு ஜாமீன் கிடைக்காதவர் மாதிரி இருந்தது.

பழனிக்கு அந்தக் கம்பி பிடித்துப்போயிற்று. வண்டியைத் திரும்பக் கேட்டருகே கொண்டுவந்தான். வெளியிலிருந்து பாட்டிலை நீட்டினான். உள்ளிருந்து பிள்ளைகள் வாயை நீட்டினார்கள். வாத்தியார் தலை தெரிந்தால் பாட்டில் மறைந்துவிடும்.

“கையும் களவுமாகப் பிடிக்க முடியவில்லையே அம்மா,” என்றார் கலியாணசுந்தரம்.

“பாட்டிலை ஒளிச்சி வெக்கலாம் சார். நாக்கை ஒளிச்சி வெக்க முடியுமா?” என்றாள் தேவகி.

அந்த வாக்கியத்தை அவர் அன்று சாயங்காலம் மனைவி பெரியநாயகியிடம் தன்னுடையதாகச் சொன்னார். பெரியநாயகி, “உங்களுக்கு இதெல்லாம் தோணாதே,” என்று மட்டும் சொன்னாள்.

இடைவேளை முடிந்ததும் வரிசையாக நின்று நாக்கை நீட்ட வேண்டும். முதல் நாளே பாதிப் பள்ளிக்கூடம் சிக்கியது. சிவப்பு நாக்கு, மஞ்சள் நாக்கு, கிளிப்பச்சை, கத்திரிப்பூ. கலியாணசுந்தரம் நிறபேதம் பார்க்காமல் அடித்தார். பழனியிடம் கிளிப்பச்சைக் கலர் கிடையவே கிடையாது என்பது அவருக்குத் தோன்றவில்லை.

தாளாளர் உமாபதிக்கு இந்தப் பரிசோதனை ரொம்பப் பிடித்துவிட்டது. ஊரில் பெரிய பட்டு ஜவுளிக்கடை அவருடையது. கடையை விட்டுவிட்டுத் தினமும் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் கடைக் கணக்குப்பிள்ளை வேறு.

“அந்தப் பொண்ணை இன்னொரு தரம் நீட்டச் சொல்லுங்க. வெளிச்சத்துக்குத் திரும்பும்மா. ஓய், இது அரக்கா, மாதுளையா?”

“மாதுளைதாங்க. கொஞ்சம் அரக்கு அடிச்ச மாதுளை.”

பிள்ளைகளின் ஆரோக்கியத்தில் தாளாளருக்கு இவ்வளவு அக்கறையா என்று கலியாணசுந்தரத்துக்கு நெஞ்சு நிறைந்தது.

ஒரு வாரம் கழித்து நெசவாளி பஞ்சாட்சரம் மகள் கலாவதியைக் கையில் பிடித்துக்கொண்டு அறைக்குள் நுழைந்தார். பின்னால் வாசல்வரை நெசவுக்காரர்கள்.

“தறியில பழைய பாவு நூலு முடிஞ்சா புதுப்பாவைப் பிணைக்கணும் சார். ஒவ்வொரு இழையா எடுத்து முறுக்கணும். விரலை நாக்குல தொட்டுக்கினாதான் இழை பிடிபடும். எங்க வூட்டுப் பசங்க காலையில அந்த வேலையை முடிச்சிட்டுதான் இஸ்கூலுக்கு வருதுங்க. நாக்குல சாயம் ஒட்டாம இன்னா பண்ணும்? அதுக்குப் போய் அடிச்சிருக்கிறீங்களே.”

தாமலில் நாக்கு வேறு வேலை செய்யும், இந்த வேலை கலியாணசுந்தரத்துக்குத் தெரியாது. “அறியாமல் நேர்ந்த பிழை…”

“அடிச்சது போவட்டும், அது வாத்தியாருங்க வழக்கம். தீபாவளிக்குன்னு எங்க மொதலாளி ஒருத்தருக்கும் சொல்லாம ஒரு பாவு ஏத்தி வெச்சிருந்தாரு. மாம்பழ மஞ்சள் ஒடம்பு, கத்திரிப்பூ கரை. நேத்துப் பாத்தா உங்க தாளாளர் தறியில அதே ஜோடி ஓடிக்கினு இருக்குது. எப்படிப் போச்சு சார்? எம்பொண்ணு நாக்கு வழியாதானே போச்சு?”

கலாவதி தன்னையறியாமல் நாக்கை நீட்டினாள். “உள்ள போடுடி,” என்றார் பஞ்சாட்சரம். “இனிமே எவன் கேட்டாலும் காட்டாத.”

“நாக்கு பாக்கறதை நிறுத்துங்க. இல்லைன்னா திங்கக்கிழமையிலிருந்து எங்க பசங்க வராது,” என்று வாசலிலிருந்து ஒரு குரல்.

நெசவுக்காரர் பிள்ளைகள் வராவிட்டால் பெஞ்சுகள்தான் நாக்கை நீட்ட வேண்டும். பெஞ்சுக்குக் கேடயம் தரமாட்டார்கள். கலியாணசுந்தரத்தின் உள்ளங்கையில் மண்வெட்டிப் பிடி உறுத்தியது.

தேவகியைக் கூப்பிட்டு அனுப்பவேண்டிய அவசியமே இருக்கவில்லை. சாயங்காலம் அவளே வந்தாள்.

“நாக்கு பாக்கறதை விட்டுடாதீங்க சார். காலையிலயே சாயத்தைக் கழுவிட்டா, அப்புறம் ஏறற கலரு மட்டும்தானே தெரியப்போவுது. உப்பு ஒறப்பா ஆளுக்கு ஒரு கை சுண்டல் குடுங்க. எப்பேர்ப்பட்ட சாயமும் ஓடிப்பூடும். ஒடம்புக்கும் சத்து.”

“சுண்டலுக்கு நான் எங்கே போவேன், அம்மா?”

“நானே செஞ்சி எடுத்தாறேன். பசங்களுக்குச் செய்யறதுக்குக் கூலியா கேக்கப்போறேன்?”

கலியாணசுந்தரத்தின் கண் கலங்கியது. தொண்டு என்பதைப் பற்றி அவர் எத்தனையோ மேடையில் பேசியிருக்கிறார். ஒருவர் அதைச் செய்வதை அவர் பார்த்தது இதுதான் முதல் தடவை. பஞ்சாட்சரத்துக்கும் ஆள் போயிற்று. நாக்கில் சாயம் இருக்காது, தாளாளரும் நாற்காலி போட மாட்டார் என்ற உறுதியின்மேல் நெசவுக்காரர்கள் சமாதானமானார்கள்.

தேவகியின் சுண்டல் சொன்ன வேலையைச் செய்தது. அதில் இருந்த உப்புக்கும் மிளகாய்க்கும் சாயம் மட்டும் போனதே ஆச்சரியம், நாக்கு தப்பித்தது. முதல் மணி முடிவதற்குள் பள்ளிக்கூடம் முழுக்க வாயைத் திறந்து காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. பானைத் தண்ணீர் வற்றியது. கிணற்று ராட்டினக் கயிறு அறுந்தது. புதுக்கயிறு வாங்க கலியாணசுந்தரம் உத்தரவு போட்டார்; அது வருவதற்குள் கயிறே தேவையில்லை என்று ஆகிவிட்டது. பிள்ளைகள் தண்ணீர்ப் பானைப் பக்கம் வருவதே இல்லை. ஒரு விரலைக் காட்டுவார்கள், கழிப்பிடம் இருக்கும் பின்சுவர் பக்கம் போவார்கள், வாயைத் துடைத்துக்கொண்டு சாந்தமாகத் திரும்புவார்கள். முனிசாமிகூட அடிக்கடி பின்பக்கம் போய் வந்தான்.

முக்கியமான விஷயம், நாக்கு. ஒரு நாக்கிலும் கலர் இல்லை. இடைவேளைக்கு முன்னும் சரி, பின்னும் சரி, பிறந்த குழந்தையின் நாக்குபோல் இளஞ்சிவப்பு. கேட்டருகே இரண்டு நாள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த பழனி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவன் திரும்பவில்லை.

சயின்ஸ் டீச்சர் தில்லையம்மாள் ஒரு நாள் அறைக்கு வந்தார்.

“சார், ஏழாம் கிளாஸ்ல பாடமே நடத்த முடியல. ஒருத்தன் ஏப்பம் விட்டா வரிசையா எல்லாரும் விடறாங்க.”

“செரிமானம், டீச்சர். சுண்டலில் சத்து இருக்கிறது.”

“கிளாஸ்ல நுழைஞ்சா பன்னீர் வாசனை வேற வருது சார்.”

“சுத்தம். பெற்றோர்கள் விழித்துக்கொண்டார்கள். குளிப்பாட்டி அனுப்புகிறார்கள்.”

சுத்தத்துக்கும் ஏழாம் வகுப்புக்கும் உள்ள உறவு தில்லையம்மாளுக்குத் தெரியும். ஆனால் தலைமையாசிரியர் அதற்குள் சுகாதார அதிகாரியை அழைக்க வாசகம் யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

அதிகாரி ஜீப்பில் வந்தார். டாக்டருக்குப் படித்தவர், எதையும் நம்பாத முகம். கையில் டார்ச் லைட்டோடு வகுப்பு வகுப்பாக நாக்குகளைப் பார்த்துக்கொண்டே போனார். போகப்போக முகம் மாறியது.

“எந்தப் பள்ளிக்கூடம் போனாலும் பசங்க நாக்கு பொங்கல் கோலம் மாதிரி இருக்குது. இங்க ஒண்ணுகூட இல்லையே. எப்படி சார் சாதிச்சீங்க?”

“கொள்கை உறுதி,” என்றார் கலியாணசுந்தரம்.

கேடயம் பள்ளிக்கே என்று முடிவாகி, அடுத்த வாரம் அதே அதிகாரி முன்னிலையில் விழா தொடங்கியது. கடவுள் வாழ்த்தின் நடுவே பாடகர் குழுவில் ஒருவன் ஏப்பம் விட்டான். தாளம் தப்பாமல் விட்டதால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. “என்னங்க, கல்யாண மண்டபம் மாதிரி மணக்குது,” என்று அதிகாரி தாளாளரிடம் மெல்லச் சொன்னார்.

கலியாணசுந்தரம் மைக்கைப் பிடித்தார். சங்கொலி, விடியல், நாளைய பாரதம் எல்லாம் முறைப்படி வந்துபோயின. மேஜைமேல் கேடயம் மின்னியது. அதை ஓரக்கண்ணால் பார்க்கப் பார்க்க தாமல் ஏரி தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. நேராக வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் இந்த ஊரில் யாருக்காவது பட்டு போர்த்தாமல் ஒரு விழாவும் முடியாது.

“இந்த வெற்றி என்னுடையது மட்டும் அல்ல,” என்றார். தாளாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இது ஒரு தாயின் வெற்றி. வாசலில் வண்டி கூடாது என்று சொன்னவர் அவர். கதவைப் பூட்டச் சொன்னவர் அவர். நாக்கைப் பார்க்கச் சொன்னவரும், சுண்டலைத் தந்தவரும் அவரே. தேவகி அம்மையார் மேடைக்கு வரவேண்டும்.”

கடைசி வரிசைக்கும் பின்னால், காலிச் சுண்டல் குண்டானோடு நின்றிருந்த தேவகி திகைத்துப்போனாள். “எனக்கு எதுக்கு சார் இதெல்லாம். அங்க வேலை அப்படியே கிடக்குது.”

“தன்னடக்கம்,” என்று மைக்கில் அறிவித்தார் கலியாணசுந்தரம். நாலு டீச்சர்கள் சேர்ந்து அவளை மேடைக்குத் தள்ளினார்கள். தாளாளர் தன் கடைச் சரக்கிலிருந்து ஒரு பட்டுப் புடவையை விரித்துப் போர்த்தினார். மாம்பழ மஞ்சள், கத்திரிப்பூ கரை. முன்வரிசையில் பஞ்சாட்சரம் எழுந்து நின்று, பக்கத்திலிருந்தவர் வேட்டியைப் பிடித்து இழுத்ததால் உட்கார்ந்தார்.

கைதட்டல் ஓயவில்லை. அதிகாரி கேடயத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து நின்றார்.

கலியாணசுந்தரத்துக்கு அந்த நேரத்தில்தான் இன்னும் ஒரு நல்ல யோசனை தோன்றியது. “கேடயத்தை நான் பெற்றுக்கொள்வதைவிட, இந்தத் தாய் பெற்ற பிள்ளை வந்து பெற்றுக்கொள்வதே பொருத்தம். தேவகி அம்மையாரின் குழந்தை எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்.”

யாரும் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தேவகி தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வெட்கப்படுகிறது குழந்தை,” என்று சிரித்த கலியாணசுந்தரம், மைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்த முனிசாமி பக்கம் திரும்பினார். “அம்மாவின் பிள்ளை எந்த வகுப்பப்பா?”

முனிசாமி நிதானமாக ஓர் ஏப்பம் விட்டான். மைக் அதையும் ஊருக்குச் சொன்னது. பிறகு சொன்னான்:

“அவங்களுக்கு ஏது சார் புள்ளை? நம்ம பின்சுவத்துக்கு அந்தாண்ட கலரே போடாம பன்னீர் சோடா போடறாரே துரைக்கண்ணு, அவரு சம்சாரம் சார் இவங்க.”